ஓட்டக்காரரின் நோட்டில் ஒரு கேள்வி

பிரிட்டனின் மாரத்தான் வீரர் ரான் ஹில்லுக்கு ஒருமுறை கால் பெருவிரல் மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் போட்ட காலோடு, ஊன்றுகோல்களை ஊன்றி ஊன்றி, அந்த நாட்களிலும் ஒரு மைல் தூரத்தைக் கடந்தார். இன்னொருமுறை கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தது. அப்போதும் ஓட்டம் நிற்கவில்லை. 1964 டிசம்பர் 20 அன்று தொடங்கிய கணக்கு அது. மழையோ காய்ச்சலோ, நாள் தவறாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓட வேண்டும்.

2017 ஜனவரிக் கடைசியில், அவருடைய 78-வது வயதில், கணக்கு முடிந்தது. அன்று 400 மீட்டர் ஓடியதுமே நெஞ்சு வலிக்கத் தொடங்கியது. ஒரு மைலைத் தொடும்போது செத்துவிடுவோமோ என்று தோன்றியதாகப் பின்னர் சொன்னார். அந்த வலியிலும் மைலை முடித்துவிட்டுத்தான் நின்றார். மொத்தம் 52 ஆண்டுகள், 39 நாட்கள்.

ஹில்லின் பெரிய வெற்றிகள் எல்லாம் இந்தக் கணக்கின் முதல் ஆறு ஆண்டுகளுக்குள் வந்தவை. 1969-ல் ஏதென்ஸில் ஐரோப்பிய சாம்பியன். 1970 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 10 நிமிடம் 30 விநாடியில் முதலிடம். அதே ஆண்டு ஜூலையில் எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் 2 மணி 9 நிமிடம் 28 விநாடியில் தங்கம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆறாவது இடமே கிடைத்தது. அதன் பிறகும் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல், கைதட்ட யாரும் இல்லாத காலை வேளைகளில் அவரை ஷூ மாட்ட வைத்தது அந்த ஒற்றைக் கணக்குதான். அதன் வலிமையைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் 'இன்று ஓடினாயா?' என்ற ஒரே கேள்வியைத்தான் அது அவரிடம் கேட்டது. 'இன்று ஓடலாமா?' என்று கேட்க அதற்குத் தெரியவில்லை. நெஞ்சு வலித்த அன்றுகூட அது கேட்கவில்லை.

ஓட்டக்காரர் எழுதிவைக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எத்தனை நாள் விடாமல் என்று குறிப்பவர்கள் அநேகம் பேர். எந்தக் கேள்விக்குப் பதிலாக அதைக் குறிக்கிறோம் என்று நின்று யோசிப்பவர்கள் குறைவு. நன்றாகத் தொடங்கிய பலருடைய ஓட்டம் இரண்டாம் ஆண்டில் நின்றுபோவதற்கு சோம்பலைக் காரணம் சொல்கிறோம். கேள்வி பழசாகிவிட்டதும் காரணமாக இருக்கலாம்.

உடல் ஒரே சீராக முன்னேறுவதில்லை. புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு முதல் இரண்டு வாரங்களிலேயே ரத்தத்தில் நீர்மப் பகுதி கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. மூச்சு வாங்குவது குறைகிறது. தசைகளுக்குள் நுண்ணிய ரத்த நாளங்கள் பெருகவும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடவும் பல வாரங்கள் பிடிக்கும். தசைநாண்களும் எலும்பும் இவை எல்லாவற்றையும்விட மெதுவாகவே உறுதிப்படுகின்றன.

ஆறாவது வாரத்தில் சிக்கல் வருவது இதனால்தான். 'இன்னும் ஓடு' என்கிறது மூச்சு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி தொடங்கியிருக்கும். நோட்டில் கிலோமீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போவதால் வலியைப் பொருட்படுத்தத் தோன்றாது. அடுத்த மாதம் ஓட்டமே இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டிவரும்.

சில மாதங்கள் கழித்து வேறொரு சோதனை. ஐந்து கிலோமீட்டர் நேரம் ஒரே இடத்தில் நின்றுவிடும். உற்சாகம் வடிவது இங்கேதான். உண்மையில் முன்னேற்றம் வேறு இடங்களில் நடந்துகொண்டிருக்கும். அதே வேகத்தில் ஓடும்போது இதயத் துடிப்பு குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்குப் பிறகு திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்காது. கைக்கடிகாரத்தை மட்டுமே பார்ப்பவருக்கு இவை கண்ணில் படுவதில்லை.

சென்னையில் ஓடுபவர்களுக்கு இந்த ஏமாற்றம் ஆண்டுதோறும் வரும். சென்னை மாரத்தான் நடக்கும் ஜனவரியில் நகரம் இருப்பதிலேயே குளிர்ச்சியாக இருக்கும். அப்போது பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்தவர், மே மாதம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் அதே நேரத்தை எட்டத் திணறுவார். பயிற்சி வீணாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்து சட்டையை நனைப்பதோடு சரி. உடல் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும், ஓடுகிற தசைக்கும் வேண்டும். இரண்டு இடத்துக்கும் அனுப்ப இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெயிலில் பழகினால் ஓரளவு தாங்கும், முழுதாகச் சரியாகாது. மே மாதத்தின் மெதுவான ஓட்டத்தில் ஜனவரியின் வேகமான ஓட்டத்துக்கு இணையான உழைப்பு இருக்கிறது. நிமிடத்தை மட்டும் எழுதுபவர் அந்த உழைப்பைத் தோல்விக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்.

உழைப்பை அளக்க ஓட்டக்காரர்களிடம் எளிய கருவி ஒன்று உண்டு. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் அது. 6 முதல் 20 வரை எண்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 6, இனி ஓர் அடிகூட முடியாது என்ற நிலை 20. எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத் துடிப்புக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் என்பதால்தான் அவர் 6-லிருந்து தொடங்கினார். இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது இதைவிடவும் எளிது. பேச முடிந்தால் அது இலகுவான ஓட்டம்.

இப்படி எழுதினால் நோட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும்? 'மே, செவ்வாய். 8 கி.மீ. காற்றே இல்லை. உழைப்பு 13. ஆறாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் இழுத்தது. ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூக்கம்.' சில வரிகள்தான். மூன்று வாரம் கழித்து அதே கெண்டைக்கால் மறுபடி இழுத்தால், பக்கங்களைப் புரட்டிக் காரணம் தேடலாம். தூக்கம் குறைந்த நாட்களா, ஷூ தேய்ந்துவிட்டதா, தூரத்தை அவசரமாகக் கூட்டினோமா என்று பார்க்கலாம். அடுத்த நாள் என்ன செய்வது என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடுகிறது. சில நாள், ஓடாமல் இருக்கச் சொல்கிறது.

கென்யாவின் எலியுட் கிப்சோகே செய்வதும் இதுதான். 2018-ல் 2 மணி 1 நிமிடம் 39 விநாடியிலும், 2022-ல் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியிலும் பெர்லினில் மாரத்தான் உலக சாதனை படைத்தவர், ஆண்டுக்கணக்கில் தன் பயிற்சியைக் கையால் நோட்டில் எழுதிவருபவர். தூரமும் நேரமும் மட்டும் அல்ல, மசாஜ், உடற்பயிற்சி, அன்று போட்ட ஷூ, அந்த ஷூ காலுக்கு எப்படி இருந்தது என்பதுவரை எழுதுகிறார். பயிற்சி ஓட்டங்களில் தன் முழு வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் போவது அபூர்வம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்போது மாரத்தானை உலகத்திலேயே வேகமாக ஓடியிருந்த ஒருவர், தினமும் தன்னைத் தானே முந்திப் பார்க்கவில்லை.

கேள்வி பழசானால் அதை மாற்றவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 5,000 மீட்டரில் 2003-லேயே உலக சாம்பியனானவருக்கு அது சாதாரண அடி இல்லை. தடகள மைதானத்தின் கணக்கை அதோடு விட்டுவிட்டு, அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கில் முதல் மாரத்தான் ஓடி வென்றார்.

இன்று பெரும்பாலானவர்களின் நோட்டு கைபேசிக்குள் இருக்கிறது. ஸ்ட்ராவா போன்ற செயலிகள் ஓட்டத்தைத் தானே பதிந்து, நண்பர்களுக்கும் காட்டுகின்றன. விடியற்காலையில் கூட்டாளி கிளம்பிவிட்டார் என்று பார்த்துப் போர்வையை உதறி எழுந்தவர்கள் ஏராளம். அந்தத் துணையின் மதிப்பு பெரியது. ஆனால் அங்கே அடுத்தவரின் வயதும், வேலைப்பளுவும், பத்தாண்டுப் பயிற்சியும் தெரியாது, வேகம் மட்டுமே தெரியும். இலகுவாக ஓட வேண்டிய நாளில், யாரோ பார்ப்பார்கள் என்று வேகத்தைக் கூட்டுபவர் தன் கேள்வியை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

தன் கேள்வியைத் தானே வைத்துக்கொண்டவர் என்று அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் சாமுவல்சனைத் துணிந்து சொல்லலாம். 1979-ல் கல்லூரி மாணவியாக பாஸ்டன் மாரத்தானை 2 மணி 35 நிமிடம் 15 விநாடியில் வென்றார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கினார். அதோடு நின்றிருந்தாலும் வரலாறு அவரை மறந்திருக்காது. 2019-ல், 61 வயதில், மீண்டும் பாஸ்டனில் ஓட வந்தார். நாற்பது ஆண்டுக்கு முந்தைய தன் நேரத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க முடியுமா என்பதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட கேள்வி. 3 மணி 4 நிமிடத்தில் முடித்தார். இளவயது நேரத்தைவிட 28 நிமிடம் 45 விநாடி மட்டுமே அதிகம்.

வயதாகிவிட்டது என்று அந்தக் கேள்வி அவருக்குச் சலுகை காட்டவில்லை, இருபத்தொரு வயதுப் பெண்ணோடு அவரை மோதவிடவும் இல்லை. தன் உடலுக்கு இன்று எது கடினம், எது முடியும் என்று தெரிந்த ஒருவர் வகுத்த கேள்வி அது. நாற்பத்தைந்து வயதில் முதல்முறை ஷூ வாங்கி, இரண்டு ஆண்டாக ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்டிருக்கும் சென்னைவாசியும் அப்படி ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். மே மாதத்தில், உழைப்பு 13-ஐத் தாண்டாமல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட முடியுமா? வாரத்தில் ஒரு நாள் குற்ற உணர்வு இல்லாமல் ஓய்வெடுக்க முடியுமா? வரும் ஜனவரியில், அரை மாரத்தானின் கடைசி ஐந்து கிலோமீட்டரை முதல் ஐந்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட முடியுமா?