சபா இல்லாத இசைக்குழு கடல் கடப்பது எப்படி?

மயிலாப்பூரில் பாடத் தொடங்கும் கர்நாடக இசைக் கலைஞருக்கு ஒரு படிவரிசை தயாராக இருக்கிறது. முதலில் டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரி, பிறகு நாலு மணி, பிறகு மாலை நேரம், ஒரு நாள் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி மேடை. 1978 முதல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நடந்துவரும் தியாகராஜ ஆராதனையும் இந்த வரிசையின் அடுத்த படிதான். அங்கே குடியேறிய நம் குடும்பங்கள் ஹால் பிடிக்கின்றன, கலைஞர்களை வரவழைத்து உபசரிக்கின்றன, கேட்கவும் வந்து உட்காருகின்றன.

அதே சென்னையில், ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு எழுதி வாசிக்கும் ராக் இசைக்குழுவுக்கு இப்படி ஒரு வரிசை கிடையாது. அமெரிக்காவில் அதற்காகக் காத்திருக்கும் மாமாவோ சித்தியோ இல்லை. அப்படியிருந்தும் 2012இல் சென்னையில் உருவான ‘தி எஃப்16ஸ்’ குழு கடல் கடந்தது. ஜோஷ் ஃபெர்னாண்டஸ் பாடும் இந்தக் குழுவின் ‘இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?’ பாடல் தொகுப்பு 2021இல் ஹவுஸ் அரெஸ்ட் என்ற அமெரிக்க லேபிள் வழியாக வெளிவந்தது. இது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளூர் நிலைமை. நன்றாக வாசிக்கும் இளைஞரைக் கோடம்பாக்கம் சீக்கிரமே அழைத்துக்கொள்கிறது. 1992இல் ‘ரோஜா’ வருவதற்கு முன்பு ஏ.ஆர். ரஹ்மானும் நெமிசிஸ் அவென்யூ என்ற சென்னை ராக் குழுவில் இருந்தவர்தான். சினிமாப் பாட்டுக்குக் கதையும் கதாநாயகனும் தியேட்டரும் துணைக்கு வருகின்றன. படம் இல்லாத பாட்டு தன் காலிலேயே நடந்து ரசிகரைத் தேட வேண்டும்.

அந்தத் தேடலில் மொழி தடையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் ‘ஷோனன் நைஃப்’ அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. 1981இல் ஒசாகாவில் மூன்று பெண்கள் தொடங்கிய குழு அது. பாடியதும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான். அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் இருந்த கே ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய லேபிள் 1985இல் அவர்களுடைய ‘பர்னிங் ஃபார்ம்’ பாடல்களைக் கேசட்டாக வெளியிட்டது. அந்த லேபிளின் காதை நம்பியவர்கள், முன்பின் கேட்டிராத அந்தப் பாடல்களையும் வாங்கினார்கள். 1991இல் அமெரிக்க ராக் குழுவான நிர்வானா தன் பிரிட்டன் பயணத்தில் இவர்களையும் மேடையேற்றியது. குழு பிறந்து அதற்குள் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம்பிக்கைக்குரிய ஒருவர் “இதைக் கேளுங்கள்” என்று சொல்வதுதான் இங்கே உண்மையான பாலம். இன்று பாட்டை உலகத்துக்கு அனுப்ப ஒரு இரவு போதும். ஆனால் அதே இரவில் எண்ணற்ற பாடல்கள் வந்து குவிவதால், சிபாரிசின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. டெல்லியின் ‘பிளடிவுட்’ குழுவுக்கு யூடியூப் ரசிகர்களே அந்த சிபாரிசைச் செய்தார்கள். இந்தியும் பஞ்சாபியும் ஆங்கிலமும் கலந்து முழங்கும் அந்தக் குழு 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவிலும் 2022இல் ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவிலும் வாசித்தது. 2012இல் டோக்கியோவில் தொடங்கிய ‘கிககாகு மோயோ’ இன்னும் ஒரு படி மேலே போனது. குழுவினர் ‘குருகுரு பிரெய்ன்’ என்ற லேபிளைத் தொடங்கி, ஆசியாவின் வேறு குழுக்களுக்கும் வழி திறந்துவிட்டார்கள்.

ஆனால் சிபாரிசைக் கேட்டு வருகிற ரசிகரைத் தக்கவைப்பது மேடை வாசிப்பு. வெளிநாட்டு விழாவில் புதிய குழுவுக்கு அரை மணி, முக்கால் மணி கிடைக்கும். அதற்குள் ஒரு கூட்டத்தைத் தன்பக்கம் இழுக்கும் தெம்பு, சொந்த ஊரில் திரும்பத் திரும்ப வாசித்தால்தான் வரும். டோக்கியோவின் ஷிமோகிடாசாவா பகுதியில் ‘லைவ் ஹவுஸ்’ எனப்படும் சின்னச் சின்ன அரங்குகள் நிறைய உண்டு. ஒலிக்கருவிகள் தயாராக இருக்கும். ஒரே மாலையில் நாலைந்து குழுக்கள் வாசிக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை டிக்கெட்டுகளைக் குழுவே விற்றாக வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. ஆனாலும் ஏறி நிற்க மேடை இருக்கிறது.

சென்னையில் அடையாறு அன்வைண்ட் சென்டர் பல இளம் குழுக்களுக்கு மேடை தந்தது. ஐஐடியின் சாரங் விழா ராக் போட்டி நடத்தியது. ஆண்டுதோறும் ஜூன் 21 உலக இசை நாளில் அலியான்ஸ் பிரான்சேஸ் இடம் கொடுக்கிறது. மற்றபடி இந்த இசை பெரும்பாலும் ஹோட்டல் பார்களில் ஒதுங்குகிறது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ரசிகர் அங்கே நுழைய முடியாது. அவர்தான் அடுத்த குழுவைத் தொடங்க வேண்டியவர்.

அதனால் தி.நகர், மயிலாப்பூர் சபாக்களிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். மார்கழியில் வழியும் அரங்குகள் ஆண்டு முழுவதும் அப்படி நிரம்புவதில்லை. வாணி மஹாலிலும் கிருஷ்ண கான சபாவிலும் மாதத்தில் ஒரு மாலையைச் சொந்தப் பாட்டு எழுதும் இளம் குழுக்களுக்கு, மாணவர் வாங்கக்கூடிய டிக்கெட் விலையில் ஒதுக்கலாம். சிறுவயதுப் பாடகரை மதியக் கச்சேரியில் உட்கார்த்தி, பிழை பொறுத்து, வளர்த்தெடுக்கத் தெரிந்தவை இந்த சபாக்கள். அந்தப் பொறுமையில் கொஞ்சம் கிதாருக்கும் கிடைத்தால், வெளிநாடு போகும் அடுத்த குழு இங்கேயே பக்குவப்பட்டுப் புறப்படும்.