உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள சுவர்

எழுந்திருங்கள்! இன்னும் ஒரு அடையாளம் கிடைக்கட்டும், இன்னும் ஒரு தீர்க்கதரிசி வந்து தலையில் கை வைக்கட்டும், இன்னும் ஒரு உபவாசக் கூட்டம் முடியட்டும் என்று எத்தனை வருடம் தள்ளிப்போடுவீர்கள்? உங்கள் மேஜைமேல் இருக்கும் வேதாகமம் சோர்ந்தவனைத் தேற்றும் புத்தகம்தான். தேற்றிய கையோடு அவனை எழுப்பி வேலைக்கு அனுப்புகிற புத்தகமும் அதுவே. ஆறுதலை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை வாங்கிக்கொள்ளாமல் திரும்பி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையை நினைத்துப் பாருங்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்ட பிறகு, வாக்குத்தத்த அட்டை எடுக்க ஒரு வரிசை நிற்கும். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். எரேமியா 29:11 வந்துவிட்டால் முகமெல்லாம் மலர்ந்துவிடும். தேவன் நம்மைக் குறித்துச் சமாதானமான நினைவுகளையே வைத்திருக்கிறார் என்கிற வசனம் அல்லவா! வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகுவோம். வருடம் முழுக்க அது அங்கேயே இருக்கும். நாமும் இருந்த இடத்திலேயே இருப்போம்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம். அந்த நாட்களில் அனனியா என்றொருவன், இரண்டே வருடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஆலயத்தில் நின்று முழங்கினான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியாவோ 70 வருடம் என்று எழுதினார். அதோடு விட்டாரா? போன இடத்தில் வீடு கட்டச் சொன்னார், தோட்டம் போடச் சொன்னார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சொன்னார், தங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபிக்கச் சொன்னார். இந்த வேலைகள் எல்லாம் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் இருக்கின்றன. அவற்றைக் கடந்துதான் 11-ஆம் வசனத்துக்கு வர முடியும். நாமோ அட்டையில் அச்சடித்த ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு, கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறோம்.

வேதம் தரும் நம்பிக்கை எப்போதும் கையில் ஒரு வேலையோடுதான் வருகிறது. இதை நெகேமியாவின் புத்தகத்தைப்போல முகத்துக்கு நேரே சொல்லும் புத்தகம் வேறில்லை. பிரசங்கங்களில் அதிகம் கேட்காத புத்தகம் அது. கட்டடக் காணிக்கை எடுக்கும் ஞாயிறுகளில் மட்டும் தூசி தட்டப்படும். அது நமக்குப் பெரிய நஷ்டம்.

நெகேமியா யார்? பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரன். சூசான் அரண்மனையில் ராஜாவின் திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்துகிற உத்தியோகம். கொத்தனார் வேலை தெரிந்தவன் என்றோ, போர் தெரிந்தவன் என்றோ எங்கும் எழுதியில்லை. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் தீக்கிரையாகிவிட்டன என்று அண்ணன் தம்பி முறையான ஆனானி வந்து சொன்னதும் உட்கார்ந்து அழுதான். கி.மு. 586 வாக்கில் நேபுகாத்நேச்சாரின் படை இடித்த நகரம் அது. நெகேமியா ராஜாவிடம் வாய் திறந்தது கி.மு. 445 வாக்கில். நடுவே ஏறத்தாழ 140 வருடம்! தாத்தா காலத்திலிருந்து இடிந்து கிடக்கும் ஒன்றைச் சரி என்று ஏற்றுக்கொள்ள ஊருக்கே பழகிப்போயிருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அப்பா காலத்துக் கடன், அண்ணனோடு விட்டுப்போன பேச்சு, பாதியில் நின்ற படிப்பு. "எங்க குடும்பமே இப்படித்தான்" என்று நீங்களும் பழகிவிட்டீர்கள்.

அவன் அழுதான், உபவாசித்தான், ஜெபித்தான். கிஸ்லேயு மாதத்தில் தொடங்கிய ஜெபம் நிசான் மாதம் வரை போயிற்று. ஆனால் ராஜா "ஏன் முகம் வாடியிருக்கிறது" என்று கேட்ட நொடியில், கைவசம் கணக்கு தயாராக இருந்தது. எத்தனை நாள் விடுப்பு, எந்தெந்த அதிபதிகளுக்குச் சிபாரிசுக் கடிதம், வாசல் கதவுகளுக்கு மரம் தர வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு உத்தரவு. அத்தனையும் கேட்டான். முழங்காலில் நின்ற அந்த மாதங்களில் அவன் யோசித்தும் இருக்கிறான்! ஜெபித்த பிறகும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லையென்றால், இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள். இந்த முறை பேனாவும் பேப்பரும் பக்கத்தில் இருக்கட்டும்.

எருசலேமுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு ராத்திரி, சில பேரைக் கூட்டிக்கொண்டு, தான் ஏறிய ஒரே மிருகத்தோடு புறப்பட்டான். பள்ளத்தாக்கின் வாசல் வழியாக வெளியேறி, குப்பைமேட்டு வாசல் பக்கம் போய், இடிந்த ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்தான். ஓரிடத்தில் இடிபாடு அவ்வளவு அடர்த்தி. அவன் ஏறிவந்த மிருகம் நடக்க வழியில்லை. அங்கேயும் திரும்பிவிடவில்லை, பள்ளத்தாக்கு வழியாக ஏறிச் சுவரைப் பார்த்தான். எனக்கு இந்த இரவுப் பயணத்தைவிட விசுவாசம் நிறைந்த காட்சி அந்தப் புத்தகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. உடைந்ததை உடைந்தது என்று கண்ணால் பார்க்கத் துணிச்சல் வேண்டும். நம்மில் பலர் கடன் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கவே பயப்படுகிறோம். சர்க்கரை எவ்வளவு என்று பரிசோதிக்கப் பயப்படுகிறோம். மகனின் மார்க்‌ஷீட்டைப் பிரிக்கப் பயப்படுகிறோம். பார்க்காத சுவரை யாராலும் கட்ட முடியாது!

இனி மூன்றாம் அதிகாரம். பெயர்ப்பட்டியல்தானே என்று பெரும்பாலோர் தாண்டிப்போகும் அதிகாரம். தயவுசெய்து தாண்டாதீர்கள். பிரதான ஆசாரியன் எலியாசிப் ஆட்டு வாசலைக் கட்டுகிறான். அடுத்தடுத்துப் பெயர்கள் வருகின்றன. தட்டார் ஒருவர் கட்டுகிறார். தைலம் செய்கிறவர் ஒருவர் கட்டுகிறார். வியாபாரிகள் கட்டுகிறார்கள். எருசலேமின் பாதிப் பகுதிக்குத் தலைவனான சல்லூம் தன் மகள்களோடு வந்து கட்டுகிறான். அந்தக் காலத்தில், அந்தத் தேசத்தில், கல் சுமந்த பெண்பிள்ளைகளைப் பெயர்ப்பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்! பெத்கேரேமின் தலைவன் மல்கியாவுக்குக் கிடைத்ததோ குப்பைமேட்டு வாசல். ஊர்க்குப்பையெல்லாம் வெளியே போகும் வழி. அவன் அதைக் கட்டினான், கதவு போட்டான், தாழ்ப்பாள் போட்டான். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்க மறுத்தார்கள் என்றும் அதே அதிகாரம் பதிவு செய்கிறது. பெரியவர்கள் வராவிட்டால் என்ன? தெக்கோவாவின் சாதாரண ஜனங்கள் ஒரு பங்கை முடித்துவிட்டு, இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டினார்கள்.

அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு. பலரும் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த சுவரைக் கட்டினார்கள். ஒருவனுக்கு முழு வீடுகூட இல்லை, ஓர் அறைதான். அந்த அறைக்கு எதிரே இருந்ததை அவன் கட்டினான். உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்ன, தேவசித்தம் என்ன என்று ஊர் ஊராய்க் கூட்டங்களுக்கு அலைகிறீர்களே, கதவைத் திறந்து எதிரே பாருங்கள்! படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியார் உங்கள் சுவர். கணக்கில் தோற்றுப்போன பத்தாம் வகுப்புப் பிள்ளை உங்கள் சுவர். நீங்கள் தினமும் திறக்கும் அந்தச் சின்னக் கடையும், அதில் நீங்கள் போடும் நேர்மையான எடையும் உங்கள் சுவர். அதைக் கட்ட வேறு ஆள் வரமாட்டார்.

கட்டத் தொடங்கினால் கேலி வரும். ஒரு நரி ஏறினாலே சரிந்துவிடும் சுவர் என்று எதிரிகளில் ஒருவனான தொபியா சிரித்தான். நெகேமியா அவனோடு வாக்குவாதத்தில் நேரத்தைக் கழிக்கவில்லை. ஜெபித்துவிட்டுக் கல்லை எடுத்தான். சுவர் பாதி உயரம் வந்தபோதுதான் உண்மையான ஆபத்து வந்தது. சுமக்கிறவர்களின் பலம் குறைந்துவிட்டது, இடிபாடோ ஏராளம் என்று சொந்த ஜனங்களே புலம்பினார்கள். ஆரம்பத்தில் ஆர்வம் இருக்கும், கடைசியில் முடிவு கண்ணில் தெரியும். பாதியில்தான் மனுஷன் விழுகிறான். நெகேமியா பயப்படவேண்டாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. குடும்பம் குடும்பமாக ஆட்களை நிறுத்தினான், ஒரு கையில் வேலையும் மறுகையில் ஆயுதமுமாக நிற்க வைத்தான், எக்காளம் ஊதுகிறவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். எங்கே எக்காளம் கேட்கிறதோ அங்கே எல்லோரும் ஓடிவர வேண்டும். தனியாகக் கட்டாதீர்கள். ஆபத்தென்றால் நள்ளிரவில் போன் பண்ணக்கூடிய இரண்டு பேராவது உங்களுக்கு இருக்கட்டும்.

ஐந்தாம் அதிகாரத்தைக் கடன்பட்ட ஒவ்வொரு வீடும் வாசிக்க வேண்டும். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் தீர்வை கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் மகள்கள் அடிமைகளாகிவிட்டார்கள் என்று ஜனங்கள் கதறினார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நெகேமியாவுக்குக் கோபம் மூண்டது. பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபையின் நடுவே நிறுத்திக் கேட்டான். நூற்றுக்கு ஒன்று என்று வாங்கிய வட்டியையும் நிலங்களையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வாங்கினான். பன்னிரண்டு வருடம் அதிபதியாக இருந்தும் தனக்கு உரிய படியை அவன் வாங்கவில்லை.

எங்கள் சபையில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் போன பிறகு மிஞ்சியது மூன்று இடத்துக் கடன். அவருடைய வேதாகமத்தில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்துக்குள் குழுக்கடன் அட்டை செருகியிருக்கும். வாராவாரம் தவணை கட்டிவிட்டு வந்து, மடித்து மடித்து ஓரம் நைந்துபோன அந்த அட்டையை அதே பக்கத்தில் வைப்பார். "கடனைப் பத்தி வேதத்தில இருக்குதே ஐயா, அப்ப ஆண்டவருக்கு என் கணக்கும் தெரியும்" என்றார் ஒருமுறை. வெட்கத்தால் ஒளித்துவைத்த கணக்கை அவர் வேதத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்! நம் ஊரில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது. மிரட்டுகிறவனுக்குப் பயந்து மூலையில் அழுகிறவர்களே, புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. நெகேமியா சபையைக் கூட்டித்தான் நியாயம் கேட்டான்.

"எனக்கு எழுந்திருக்கவே தெம்பில்லையே" என்கிறவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களை நான் அதட்டமாட்டேன். வேதமும் அதட்டவில்லை. கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, பிறகு ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டான். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதன் பிறகே பயணம், ஓரேப் மலை, எலிசாவை அழைக்கும் வேலை. சாகவேண்டும் என்கிற எண்ணம் உங்களுக்குள் வருகிறதா? இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள், மருத்துவரைப் பாருங்கள். தேவன் எலியாவுக்குச் செய்தது அதுதான். வேலை காத்திருக்கும்.

தமிழில் நாம் வேதம் வாசிப்பதே இப்படி ஒருவர் தன் பங்கைக் கட்டியதால் கிடைத்த பலன். மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே டேனியக் கோட்டை அதிகாரி அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது, 1719-ல், 36 வயதில் இறந்துபோனார். மீதியை பெஞ்சமின் சூல்ச் முடித்தார். அறுக்கிறவர்களின் பின்னே சிந்திய கதிரைப் பொறுக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ரூத் வரைக்கும் அவர் கட்டிவிட்டுப் போனார். முழு மதிலையும் நானே கட்டி முடிக்க வேண்டும் என்று அவர் காத்திருந்தால், நம் பாட்டிமார் கையில் அந்தப் புத்தகம் எப்போது வந்திருக்கும்?

எருசலேமின் மதில் எலூல் மாதம் 25-ஆம் தேதி முடிந்தது. 52 நாள்! 140 வருடமாய் முடியாதது 52 நாளில் முடிந்தது. நடுவில் ஓனோ பள்ளத்தாக்கில் பேசலாம் வா என்று எதிரிகள் நான்கு முறை ஆள் அனுப்பினார்கள். பெரிய வேலையில் இருக்கிறேன், இறங்கி வரமுடியாது என்று நான்கு முறையும் அதே பதிலைச் சொல்லி அனுப்பினான். உங்களையும் இறங்கி வரச்சொல்லி ஆள் வரும். சொந்தக்காரர் வடிவில் வரும், போன் திரை வடிவில் வரும், "உன்னால என்ன ஆகும்" என்கிற உங்கள் சொந்தக் குரலிலேயே வரும். நான்காவது முறைக்கும் பதிலைத் தயாராக வையுங்கள்.

இன்றிரவு வீடு அடங்கியபிறகு ஒரு நோட்டை எடுங்கள். நெகேமியா இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, உங்கள் வீட்டில் இடிந்து கிடப்பதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கடனென்றால் ரூபாய்க் கணக்கோடு, நோயென்றால் போகவேண்டிய மருத்துவமனையோடு, பகையென்றால் அந்த மனிதரின் பெயரோடு. அதில் உங்கள் வாசலுக்கு நேர் எதிரே நிற்பது எதுவோ அதற்குக் கீழே கோடு போடுங்கள். காலையில் ஜெபம் முடிந்ததும் முதல் போன் அதற்காகத்தான் போக வேண்டும்.