வரைபவனின் உரிமை

சாகக் கிடக்கும் மனிதன் ஒருவனின் அருகில் அமர்ந்து அவனைப் படமாக வரைவது அறமாகுமா? அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய கை பென்சிலைப் பிடிக்கலாமா? இக்கேள்வி கலைக்கூடங்களில் அமைதியாக இருந்து சிந்திப்போர் எழுப்பிய கேள்வி அன்று. 1943ஆம் ஆண்டில், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடப்பட்ட மூங்கிற் காடுகளில், பட்டினியாலும் நோயாலும் எலும்புருவாகிவிட்ட சில போர்க்கைதிகள் தம் செயலால் எதிர்கொண்ட கேள்வி அது. அவர்கள் சொல்லால் விடை கூறவில்லை. சிறுசிறு தாள்களில் வரைந்து வைத்தார்கள். அத்தாள்களே விடையா என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

ரோனால்ட் சர்ல் 1920இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். இராணுவப் பொறியியல் படையில் சேர்ந்து, 1942 ஜனவரியில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். வந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இருபத்தொரு வயதில் கைதியாகிச் சாங்கியில் அடைபட்ட அவர், மறு ஆண்டு ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்கு அனுப்பப்பட்டார். பகலில் பாறை உடைத்தல். இரவில் அத்தாப்புக் கூரையின் கீழ் மூங்கிற் பரண். மலேரியாவும் ஊட்டக்குறைவு நோய்களும் அவரையும் விடவில்லை. இத்தனைக்கும் இடையே அவர் வரைந்துகொண்டே இருந்தார். வரைந்த தாள்களைக் காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கடியில் மறைத்து வைத்தார். தொற்றுக்கு அஞ்சிய காவலர் அங்கே கை வைக்கமாட்டார் என்பது அவர் கணக்கு. தப்பிப் பிழைத்த ஏறக்குறைய முந்நூறு சித்திரங்கள் லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2011இல் மறைந்த சர்ல், பிற்காலத்தில் குறும்புக்காரப் பள்ளிச் சிறுமியரைப் பற்றிய கேலிச் சித்திரங்களால் உலகப் புகழ் பெற்றவர் என்பதை நினைக்கும்போது, மனித மனத்தின் அகலம் வியப்பைத் தருகிறது.

அச்சித்திரங்கள் சிறியவை. சிறுமையை அவர் கலைநெறியாகத் தேர்ந்துகொள்ளவில்லை. தாள் கிடைக்கவில்லை, கிடைத்த துண்டும் ஒளித்து வைக்கத்தக்க அளவில் இருக்க வேண்டியிருந்தது. ஆயினும் தேவையால் வந்த அச்சிறுமை, பார்வையையே மாற்றிவிட்டது எனலாம். அரண்மனைச் சுவர்களில் போர் என்றால் குதிரைகளும் கொடிகளும் குன்றின்மேல் நிற்கும் தளபதியும்தான். அத்தகைய ஓவியம் வரைய ஓவியன் பின்வாங்கி நின்றாக வேண்டும். பின்வாங்க வாங்க மனிதர்கள் கூட்டமாகிவிடுவார்கள், கூட்டம் நிறமாகிவிடும். சிறிய தாளிலோ ஒரு முகத்துக்குத்தான் இடம். அம்முகத்தை வரைய அருகே செல்ல வேண்டும். காலரா நோயாளியின் அருகே செல்வதென்றால் என்னவென்று அக்காட்டிலிருந்த அனைவருக்கும் தெரியும். சர்ல் வரைந்த, காலராவில் மடியும் சக கைதியின் சித்திரத்தின் முன் நிற்பவர், அதன் கோடுகளைப் பாராட்டுவதற்கு முன்பே, இவர் எவ்வளவு அருகில் இருந்திருக்கிறார் என்றுதான் எண்ணுவார்.

இதே பாதையில் ஜாக் சாக்கர் என்னும் மற்றொரு கைதியும் வரைந்தார். அவர் கதை வேறு. காவலன் ஒருவன் அவருடைய படங்களைக் கண்டுபிடித்து, அவரைக் கொடுமையாக அடித்து, கிடைத்தவற்றைக் கிழித்தெறிந்தான். அதன் பின்னரும் அவர் நிறுத்தவில்லை. மூங்கிற் குழாய்களுக்குள் படங்களைச் செருகி ஒளித்தார். பின்னர் மருத்துவ முகாம்களில், ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப் போன்றோருடன் இருந்து, அழுகும் புண்களையும், கிடைத்ததைக் கொண்டு செய்யப்பட்ட கருவிகளையும், சிகிச்சை முறைகளையும் துல்லியமாக வரைந்து கொடுத்தார். அம்முகாம்களில் வரைந்தவர்களிடையே தலைமயிரைக் கட்டித் தூரிகையாக்கியதும், மண்ணையும் செடிச் சாற்றையும் வண்ணமாக்கியதும் உண்டு.

சாக்கரின் மருத்துவப் படங்களைப் பொறுத்தவரை அறக்கேள்வி எளிதாகத் தீர்ந்துவிடுகிறது. அவை பயன்பட்டன, மருத்துவருக்கு உதவிய படம் நோயாளிக்கு எதிரானதாக இருக்க முடியாது. ஆனால் சர்லின் சித்திரத்தால் அந்தக் காலரா நோயாளிக்கு என்ன பயன்? ஒரு துளியும் இல்லை. அவர் இறந்தார். படம் வாழ்ந்தது. அதனால் பெயர் பெற்றவர் வரைந்தவரே. இங்கேதான் எதிர்வழக்காடுவோர் வலுவாக நிற்கிறார்கள்: ஒருவனுடைய கடைசி நாழிகை அவனுக்கே உரியது, அதை எடுத்துக்கொள்ளும் உரிமையை எவரும் அவனிடம் கேட்டதில்லை, கேட்டாலும் ஆம் என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை. கருணை என்னும் பெயரில் நடக்கும் திருட்டு இது என்றுகூட அவர்கள் கூறக்கூடும்.

இவ்வழக்கைத் தட்டிக்கழிக்க இயலாது. பிறர் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்கிப் பிழைக்கும் கலை உண்டு. அது மிகுதியாகவே உண்டு. எனினும் சர்லின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் வெளியிலிருந்து வந்து, வரைந்துகொண்டு, இரவில் விடுதிக்குத் திரும்பியவர் அல்லர். இன்று வரையப்படுபவன் கிடக்கும் பரணில் நாளை அவரே கிடக்கலாம் என்பதுதான் உண்மை நிலை. தம்முடைய சித்திரங்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியபோது, கொலைத் தண்டனை பெற்றவன் தான் இங்கு இருந்து போனதற்கு அடையாளமாகச் சுவரில் கிறுக்கிச் செல்வதற்கு அவற்றை அவர் ஒப்பிட்டார். ஆகவே அவர் அந்நோயாளியின் மரணத்தை வரைந்தபோது தம் மரணத்தையும் சேர்த்தே வரைந்தார் என்று கொள்வதில் தவறில்லை. வரையும் உரிமை திறமையால் வருவதன்று. வரையப்படுபவனின் ஆபத்தில் பங்கு கொள்வதால் வருவது என்று இதிலிருந்து ஒரு விதி வகுக்கத் தோன்றும்.

ஆனால் அவ்விதியை அப்படியே ஏற்றுக்கொண்டால் வேறொரு பெருங்குறை எதிரே வந்து நிற்கிறது. அக்குறை மலாயாத் தமிழரின் வீட்டு வாசலுக்கே வருவது.

ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பன்மடங்கினர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் தொகை தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடப்படுகிறது. மதிப்பிடத்தான் முடிகிறது, எண்ண முடியவில்லை. கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், தம் மருத்துவர்கள் இருந்தனர். தோட்டத்து மக்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943இன் நடுப்பகுதியில் காலரா பரவிய பிறகு சாங்கியிலிருந்து கைதி மருத்துவக் குழுக்கள் சில அவர்களிடையே அனுப்பப்பட்டதுண்டு. அதற்குள் பல முகாம்கள் சுடுகாடாகிவிட்டிருந்தன. காஞ்சனபுரிப் போர் இடுகாட்டில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் ஒழுங்காக வரிசையிட்டு நிற்கின்றன. காட்டில் புதையுண்ட தமிழனுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை.

கைதி ஓவியர்கள் வரைந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை கைதிகளையே காட்டுகின்றன. அதற்காக அவர்களைக் குறை கூறுதல் நேர்மையாகாது. கைக்கெட்டிய தொலைவில் இருந்தவனைத்தான் அவர்கள் வரைந்தார்கள். அருகில் இருப்பதே அவர்கள் கலையின் அடிப்படை என்பது முன்னரே கூறப்பட்டது. ஆனால் ஆபத்தில் பங்கு கொண்டவனுக்கே வரையும் உரிமை என்றால், பங்கு கொண்டோருள் பென்சில் பிடித்தவன் இல்லாத மக்கள் என்றென்றும் முகமின்றியே இருக்க வேண்டுமா? எதிர்வழக்காடுவோர், இறப்பவனை வரைவது அவனிடமிருந்து எதையோ பறிப்பது என்றார்கள். வரையப்படாமல் போனவர்களை நினைக்கும்போது, பறிக்கப்பட்டது எது என்னும் கேள்வி திசை திரும்பிவிடுகிறது. பெயரறியாத அந்தக் காலரா நோயாளி சித்திரத்தில் இன்றும் தனி ஒருவராக இருக்கிறார். அவரை வேறொருவராக மாற்றிவிட எவராலும் முடியாது. தோட்டத்து மக்களோ தொகையாகிவிட்டார்கள். அத்தொகையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இன்று வரைய முற்படும் மலேசிய ஓவியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போமானால் அவர் நிலை இரங்கத்தக்கது. அவர் அப்பரணின் அருகே அமர்ந்தவர் அல்லர். ஒட்டிய வயிறும் குழிந்த கண்ணுமாக ஓர் உருவத்தை அவர் எழுதினால் அது எவரையும் குறிக்காது. கைதிகளின் படங்களிலிருந்து இரவல் வாங்கிய எலும்புக்கூட்டுக்குக் கறுப்பு வண்ணம் பூசியதாகவே முடியும். அதைக் காட்டிலும் வெறுந்தாள் மேல். ஆனால் அவர் செல்லத்தக்க அருகாமை ஒன்று இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்டவனின் மகளோ பேத்தியோ தோட்டத்திலோ பட்டணத்து அடுக்கு வீட்டிலோ இருக்கிறாள். தகப்பன் காதில் கடுக்கன் போட்டிருந்ததையும், பால் மரம் சீவிய கையில் இரண்டு விரல் மடங்காமல் இருந்ததையும், லாரியில் ஏறும்போது தலைத்துண்டை எடுக்க மறந்து திரும்பி வந்ததையும் தன் தாய் சொல்லக் கேட்டிருப்பாள். அவளுக்கு எதிரே தரையில் அமர்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கோடிழுத்து, இல்லை, நெற்றி இவ்வளவு அகலம் இல்லை என்று அவள் சொன்னால் அழித்து, மீண்டும் வரைய வேண்டும். பிழை என்று சொல்லும் உரிமை முழுவதும் அவளிடம் இருக்க வேண்டும். அப்படி வரும் படம் அவன் செத்த காட்டைக் காட்டாது. லாரி வருவதற்கு முந்திய ஒரு காலையைத்தான் காட்டும். சிறிய தாளே அதற்குப் போதும்.