மாற்றிய பேனலும் மாறாத காரும்

எம்ஜிபி, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான இரட்டை இருக்கைக் கார். அதன் கதவை உட்புறம் மூடியிருப்பது ரெக்சின் ஒட்டிய ஹார்ட்போர்டு பேனல். அதைக் கெடுப்பது மழை. கண்ணாடி இறங்கும் இடுக்கில் புகும் நீர் கதவுக்குள் வழிந்து, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளைகள் அடைபட்டாலோ, பேனலுக்குப் பின்னால் ஒட்டிய பாலிதீன் தாள் கிழிந்தாலோ ஹார்ட்போர்டின் கீழ்விளிம்பு ஊறி உப்பிவிடும். காய்ந்த பிறகும் வளைவு நிமிராது, கிளிப்புகளும் பிடிக்காது. பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றி, ஓரத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பேனலை எடுப்பார்கள். கடையில் வாங்கிய புதிய பேனலின் துளைகள் கதவின் துளைகளோடு அப்படியே பொருந்திவிடும் என்று நம்பி இறங்குவது புதியவர்களின் வழக்கம். அனுபவமுள்ளவர்கள் பழையதைப் புதியதன் மேல் வைத்துத் துளைகளின் இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே துளையிடுவார்கள். பழைய பேனல் செய்யும் கடைசி வேலை, புதியதற்குத் தன் வடிவத்தைக் கொடுப்பதுதான்.

தத்துவத்தில் ஒரு பழைய வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பேனல், இருக்கை, கம்பளம், கூரைத்துணி என்று எல்லாவற்றையும் மாற்றிய பின் நிற்பது அதே கார்தானா? ஏதென்ஸ் மக்கள் தங்கள் புராண வீரன் தீசியஸின் கப்பலில் மக்கிய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்திக் காத்துவந்ததாகவும், அது அதே கப்பலா என்பதில் தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்ததாகவும் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதை மேலும் சிக்கலாக்கினார்: கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து இன்னொரு கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தீசியஸுடையது? வடிவமே பொருளின் சாரம் என்னும் அரிஸ்டாட்டில் மரபினர் புதுப்பித்த கப்பலையே காட்டுவார்கள். மரத்தையே பொருளாகக் கொள்பவர்கள் மற்றதைக் காட்டுவார்கள்.

பௌத்தத்தில் இதற்கு இணையாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது 'மிலிந்த பன்ஹ' என்னும் நூலில் வரும் தேர். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று துறவி நாகசேனர் கேட்க, மிலிந்த மன்னன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். உறுப்புகள் கூடியிருக்கும்போது வழங்கும் பெயரே தேர், அவற்றுக்கு அப்பால் தேர் என்று ஒன்று இல்லை என்பது அங்கே முடிவு. ஆனால் அந்த உரையாடல் உறுப்புகளை மாற்றுவதைப் பற்றியது அல்ல. மாற்றத்துக்குப் பொருந்துவது அதே நூலில் வரும் விளக்கு. இரவு முழுதும் எரியும் விளக்கின் முதல் யாமச் சுடரும் கடை யாமச் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல. ஒன்றைப் பற்றி ஒன்று தொடர்கிறது. காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேரை விட்டுவிட்டு இந்தச் சுடரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தின் உயர் நீதிமன்றமும் 1990இல் ஏறத்தாழ இதே பக்கம்தான் சாய்ந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்றது. பிறகு அதன் பாகங்கள் படிப்படியாக மாறின. 1932இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்த விபத்துக்குப் பின் உடலும் மாறியது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசிய பின், இது அந்தக் காரே அல்ல என்று வாங்க வந்தவர்கள் பின்வாங்க, வழக்கு நீதிபதி ஆட்டனிடம் வந்தது. 1929இன் பாகம் அனேகமாக ஏதும் மிஞ்சவில்லை என்பதை ஏற்றுக்கொண்டே, தொடர்ச்சியான வரலாறு உள்ளதால் அதற்கு அந்தப் பெயர் செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார்.

பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை இவ்வளவு ஆழமாகப் போகவில்லை. திருத்திக் கட்டிய கார் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளி தேவை என்று அது பல்லாண்டுகள் கணக்கு வைத்திருந்தது: சேசிஸ் அல்லது பாடிக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. உட்புறப் பேனலுக்குப் புள்ளியே இல்லை.

அடையாளம் மட்டுமே கேள்வி என்றால் அந்தக் கணக்கு சரிதான். கதவுப் பேனலை மாற்றியதால் எந்தக் காரும் வேறு காராகிவிடாது. ஆனால் ஒரு பொருள் தானாக இருப்பது வேறு, தன் கடந்த காலத்துக்குச் சாட்சியாக இருப்பது வேறு. தீசியஸ் வழக்கை வாதிடுகிறவர்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கோட்டைவிடுகிறார்கள். ஓட்டியவரின் முழங்கை தேய்த்த இடம், பின்னாளில் ஒலிபெருக்கிக்காக யாரோ அறுத்த வட்டம், சில கார்களில் பேனலின் முதுகில் ஆலைத் தொழிலாளி போட்ட பென்சில் குறி ஆகியவை வடிவத்தோடு சேர்ந்து புதியதற்கு வருவதில்லை. எஞ்சினுக்குள் யாரும் வாழ்வதில்லை. மனிதன் தொட்டுப் பழகுவது பதிவுத் துறை புள்ளி தராத பகுதிகளைத்தான்.

அதற்காக ஊறிய அட்டையைப் புனிதமாக்கவும் கூடாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் பேனல் கதவின் இரும்பையும் துருவுக்குக் கொடுத்துவிடும். சாட்சியைக் காக்கப்போய்ப் பொருளையே இழக்க நேரும். ஜப்பானின் இசே ஆலயம் 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுதும் புதிதாகக் கட்டப்படுகிறது. கடைசியாக 2013இல் 62ஆவது முறை நடந்தது. அங்கே புதுமையே தூய்மை. கழித்த மரமோ வீணாவதில்லை, வேறு ஆலயங்களுக்கும் வாயில் தூண்களுக்கும் போகிறது.

ஆகவே குற்றம் மாற்றுவதில் இல்லை, மாற்றியதை மறைப்பதில் இருக்கிறது. புது ரெக்சினைத் தேய்த்துக் கறையேற்றிப் பழசுபோல் காட்டுகிறார்கள் சிலர்; நடக்காத ஒரு பயன்பாட்டுக்குப் பொய்ச்சாட்சி உண்டாக்கும் வேலை அது. பழைய வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், மாற்றிய பாகங்களில் கண்ணை உறுத்தாத, அழியாத குறி இட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதற்குக் கதவுப் பேனலின் முதுகைவிடத் தோதான இடம் காரில் கிடையாது. பேனல் மாற்றுகிறவர்கள் மாட்டுவதற்கு முன் அங்கே ஆண்டை எழுதிவிட்டு, பழையதைக் காரோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.