ஏழு நாள் உடைமை

நம்மிடம் ஓதி, பின்னர் அமெரிக்கா சென்று குடியேறிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நமக்கொரு மடல் எழுதினார். மடலுடன் வண்ணப்படங்கள் மின்னும் விளக்க ஏடுகள் நான்கு இருந்தன. நான்கும் கரீபியக் கடலிலுள்ள அரூபா என்னும் சிறு தீவின் கடற்கரை விடுதிகளைப் பற்றியவை. “ஹஸ்ரத், இவற்றுள் ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வாரத்தை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல எண்ணியுள்ளோம். எது மேல் என்று ஒரு மாதமாக வீட்டில் வழக்கு நடக்கிறது. தாங்கள் மார்க்க நோக்கில் ஒப்பிட்டுச் சொன்னால் நலம்” என்று கேட்டிருந்தார். அடியில் வேறு மையில் ஒரு வரி இருந்தது: “மச்சான் முன்பு வேறொரு தீவில் வாங்கியிருந்த வாரத்தின் பாக்கிச் சீட்டு இப்போது அக்காவின் பெயருக்கு வருகிறது.”

உல்லாச விடுதிகளுள் எது மேல் என்று தீர்ப்பளிப்பது ஓதிக்கொடுப்பவனின் வேலையா என்று முதலில் புன்னகைத்தோம். அந்தக் கடைசி வரியைக் கண்டதும் புன்னகை நீங்கிற்று. மச்சான் என்று அவர் குறித்தவர் ஈராண்டுகளுக்கு முன் மௌத்தானவர். இறந்தவர் வாங்கிய இன்பத்திற்கு இருப்பவர் ஆண்டுதோறும் பணம் கட்டுவதென்றால், அங்கே விற்கப்பட்ட பொருள்தான் யாது? இக்கேள்வியைத் தீர்த்தாலன்றி நான்கு ஏடுகளை ஒப்பிட இயலாதென்று பட்டது.

டைம்ஷேர் என்று அந்நாட்டார் வழங்குவதைக் காலப்பங்கு எனலாம். ஓர் அறைக்குரிய ஆண்டை 52 வாரங்களாக வகுத்து, வாரத்திற்கு ஒருவராகப் பலருக்கு விற்பது இம்முறை. வாங்கியவர் ஆண்டுதோறும் தம் வாரத்தில் வந்து தங்கலாம். பராமரிப்புக் கட்டணமோ, வந்தாலும் வராவிட்டாலும் செலுத்தியாக வேண்டும். இது கடலோரத்தில் பிறந்ததன்று. 1963-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாப்பிமாக் நிறுவனமும், 1967-இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தெவோலுயி என்னும் பனிமலை விடுதியும் இதன் தொடக்கங்களாகச் சொல்லப்படுகின்றன. 1974-இல் ஒருவர் தம் வாரத்தை மற்றொருவர் வாரத்தோடு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம் அமெரிக்காவில் தோன்றிற்று. அதன்பின் தீவுகள்தோறும் இவ்வாணிகம் பரவிற்று.

பெயர் புதிது, பொருள் புதிதன்று. நம் ஃபிக்ஹு நூல்களில் ‘முஹாயஆ’ என்றொரு பாடம் உண்டு. பிரிக்க முடியாத ஒரு பொருளைக் கூட்டாக உடையவர்கள், அதன் பயனை முறைவைத்து நுகர்வதே முஹாயஆ. இம்மாதம் நீர் குடியிரும், அடுத்த மாதம் நான் என்று இருவர் ஒரு வீட்டைப் பகிர்ந்து கொள்வது போன்றது. இதற்குச் சான்றாக ஃபுகஹாக்கள் காட்டுவது ஹஸ்ரத் ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் ஒட்டக வரலாற்றை. ஸமூது கூட்டத்தாரின் நீர்நிலையில் ஒருநாள் அவ்வொட்டகத்துக்கு, மறுநாள் மக்களுக்கு என்று இறைவன் முறை வகுத்தான். முறையைப் பொறுக்காத அவர்கள் ஒட்டகத்தை வெட்டினர், அழிந்தனர். நம் நாட்டு உழவர்க்கும் இது தெரிந்ததே. முறைப்பாசனத்தில் தம் வேளை முடிந்ததும் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திறந்து விடுவர். பழவேற்காட்டு மீனவர்கள் இன்ன நாள் இன்னார் வலையிடுவது என்று வகுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்றே பெயர்.

ஆகவே, காலப்பங்கு என்றதும் கூடாது என்று முகம் சுளிப்பதற்கில்லை. இஸ்லாமிய நாடுகளின் சர்வதேச ஃபிக்ஹுக் கழகம் 2007-இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோது, பொதுப் பங்கொன்றை விலைக்கோ குத்தகைக்கோ பெற்று முஹாயஆ முறையில் நுகர்வது ஆகும் என்றே முடிவு செய்தது. அதற்கும் முன்பே, 2003-இல், மக்காவில் ஹரம் ஷரீஃபை அடுத்த வக்ஃபு நிலத்தில் எழுந்த ஸம்ஸம் கோபுரத்தில் 24 ஆண்டு கால எல்லையோடு தங்கும் உரிமை பங்கு பங்காக விற்கப்பட்டது. அந்த எல்லையை வாசகர்கள் நினைவில் இருத்துக; பின்னர் அதனிடம் வருவோம்.

இனி அரூபா. வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து முடியரசின் கீழுள்ள தீவு அது. பரப்பு ஏறத்தாழ 180 சதுர கிலோமீட்டர். மழை அரிது, குடிநீர் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறுவதே, 1932 முதல். ஓயாத கீழைக்காற்றில் திவிதிவி மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்கின்றன. நெடுங்காலம் சான் நிக்கோலாஸ் ஊரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையே மக்களுக்குப் பெருந்தொழில் தந்தது. 1985-இல் அந்த ஆலையை மூடினர். மறு ஆண்டே தீவு தனி நிலை பெற்றது. கையில் இருந்ததோ மணலும் வெயிலும்தாம். அவற்றையே அவர்கள் முதலாக்கினர். சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பதும் துணையாயிற்று. 2017 செப்டம்பரில் இர்மா புயல் செயின்ட் மார்ட்டின் தீவைச் சிதைத்தபோது அங்கே வாரம் வாங்கியிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

மாணவர் அனுப்பிய ஏடுகளுள் இரண்டு ஈகிள் கரையைச் சேர்ந்தவை. இரண்டு பாம் கரையைச் சேர்ந்தவை. ஈகிள் கரையில் விடுதிகள் தாழ்ந்த கட்டடங்கள். அவற்றுள்ளும் கோஸ்தா லிந்தா மணலின் மேலேயே நிற்கிறது. லா கபானாவிலிருந்து கடலுக்குச் செல்லச் சாலையைக் கடக்க வேண்டும். பாம் கரையிலோ மாரியட் நிறுவனத்தாரின் ஓஷன் கிளப், சர்ஃப் கிளப் என்னும் இரண்டும் வானளாவிய மாடங்கள். மாணவரின் வீட்டு வழக்கெல்லாம் இதைப் பற்றியதுதான்: சாலையைக் கடப்பதா, மின்தூக்கியில் இறங்குவதா? மனைவிக்கு அமைதி வேண்டும். பிள்ளைகளுக்குக் கூட்டம் வேண்டும். சூதாட்டக் கூடங்களின் அண்மையைப் பற்றி அவரே கவலையோடு எழுதியிருந்ததால் நாம் அதனை விரிக்கவில்லை.

நாம் ஒப்பிட்டது வேறொன்றை. வாங்குபவர்க்குத் தாம் வாங்குவது இன்னதென்று தெரிகிறதா? பழைய முறையில் இன்ன அறை, இன்ன எண்ணுள்ள வாரம் என்று வரையறுத்துத் தருவர். ஆறாம் வாரம் என்றால் ஆண்டுதோறும் ஆறாம் வாரமே. பின்வந்த முறையில் பருவம் மட்டும் வரையறை. வாரத்தை ஆண்டுதோறும் முந்திப் பதிவு செய்து பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பின்னர் வந்தது புள்ளி முறை. மாரியட் நிறுவனத்தார் 2010-இல் இதனைத் தொடங்கினர். அதில் வாங்குவது அறையுமன்று, வாரமுமன்று, ஓர் எண்ணிக்கை. அவ்வெண்ணிக்கைக்கு எங்கே எத்தனை நாள் கிட்டும் என்பதைப் பட்டியல் சொல்லும். முதல் முறை கைகளைக் கட்டுகிறது, ஆனால் தெளிவானது. மூன்றாவது கைகளை அவிழ்த்துவிடுகிறது, ஆனால் கையில் இருப்பது யாதென்று காட்டுவதில்லை. விற்பனையில் அறியாமை மிகுமளவு தகராறும் மிகும் என்பது ஃபுகஹாக்கள் கண்ட உண்மை. நம்மைக் கேட்டால், சாலையைக் கடக்க நேர்ந்தாலும் எண்ணிட்ட வாரமே மேல்.

மாற்றிக்கொள்வதைப் பற்றியும் மாணவர் கேட்டிருந்தார். குடியிருப்புக்குக் குடியிருப்பையே வாடகையாக்குவதை ஹனஃபி மத்ஹபினர் ஏற்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் ஏற்கின்றனர். அவர் ஷாஃபிஈ, மனைவி உள்நாட்டு ஹனஃபிக் குடும்பம். அவர்கள் வீட்டு வழக்கில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டோமோ என்று அஞ்சுகிறோம். ஃபிக்ஹுக் கழகம் மாற்றத்துக்குத் தடையில்லை என்றே கண்டது.

விளக்க ஏடுகளில் நம் கண்ணைப் பற்றி நிறுத்தியது ஓலைக்குடை. மணலில் கழி நட்டு மேலே ஓலை வேய்ந்த நிழற்குடை அது, பலாப்பா என்பர். அரூபாவில் கடற்கரை முழுதும் பொது. எந்த விடுதியும் மணலைத் தனதென்று கொள்ள இயலாது. ஆனால் வெயிலோ கொடிது, குடைகளோ குறைவு. எனவே விடியுமுன் எழுந்து துவாலையை விரித்து இடம் பிடித்துவிட்டுத் திரும்பவும் போய் உறங்குவோர் உண்டென்றும், இதனால் விருந்தினருக்குள் சச்சரவு மூள்கிறதென்றும் மாணவர் எழுதியிருந்தார். சில விடுதிகள் முன்பதிவுச் சீட்டு கொடுத்துப் பார்த்தும் சச்சரவு தீர்ந்தபாடில்லையாம். நாம் இதைப் படித்து நகைக்கவில்லை. ரமலான் ஜும்ஆவில் முதல் வரிசையில் துண்டை விரித்து வைத்துவிட்டு வீடு சென்று வருபவர்களை நம் பள்ளிவாசல்களில் கண்டிருக்கிறோமன்றோ.

மினாவில் தங்களுக்கு நிழல் தரும் ஒரு கட்டடம் எழுப்பட்டுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ஒரு ஹதீஸ் வருகிறது. பெருமானார் மறுத்துவிட்டார்கள். மினா முந்தி வருபவர் ஒட்டகத்தைப் படுக்கவைக்கும் இடம் என்பதே அவர்கள் சொன்ன காரணத்தின் கருத்து. அரபு வெயிலில் நிழலின் அருமை அறியாதவர்களா அவர்கள்? நிழல் வேண்டாதவர்களுமல்லர். எல்லாருக்கும் பொதுவான மண்ணில் தம் பெயரால் நிலைத்த நிழலொன்று நிற்பதையே வேண்டாமென்றார்கள். முந்தி வந்தவர்க்கு உரிமை உண்டு. ஆனால் வந்தவர்க்கே அன்றி, வராமல் துணியை அனுப்பியவர்க்கு அன்று. மணல் பொதுவாயிருக்க, வாரத்தை வாங்கியவர் நிழலையும் வாங்கிவிட்டதாக எண்ணுவதில்தான் முறை என்பது உடைமையாகத் திரிகிறது.

ஈகிள் கரைக்கு இன்னோர் உரிமையாளரும் உண்டு. ஏழுவரி ஆமைகள், நம் மன்னார் வளைகுடா மீனவர்களும் பெயரறிந்த அந்தப் பேருயிர்கள், மார்ச் மாதம் தொடங்கி இரவுகளில் அங்கே கரையேறி முட்டையிடுகின்றன. முட்டையிட்ட இடத்தைத் தன்னார்வலர்கள் தடுப்பு வைத்து அடைக்கின்றனர். அந்நாள்களில் சாய்வு நாற்காலிகள் விலக வேண்டும். விளக்குகள் மங்க வேண்டும். ஆமைக்குப் பத்திரமில்லை, பராமரிப்புக் கட்டணமும் இல்லை. எனினும் அதற்கொரு முறை இருக்கிறது. ஸாலிஹ் நபியின் ஒட்டகத்துக்கு வருவோம் என்று நாம் திட்டமிட்டு எழுதவில்லை; விளக்க ஏட்டின் ஒரு மூலையிலிருந்த ஆமைப் படமே அங்கே கொண்டு சேர்த்தது. நான்கு ஏடுகளுள் ஆமையைக் குறித்தது அந்த ஒன்று மட்டுமே.

இப்போது அக்காவின் சீட்டு. மச்சான் ஒப்பமிட்ட பத்திரத்தில் உரிமை ‘என்றென்றைக்கும்’ என்று எழுதப்பட்டிருந்ததாம். விற்பவர் அதனை ஒரு பெருமையாகவே சொல்லியிருப்பார்: உமக்குப்பின் உம் மக்களுக்கு, அவர்க்குப்பின் அவர்தம் மக்களுக்கு. உரிமை என்றென்றைக்கும் என்றால் கட்டணமும் என்றென்றைக்கும் என்பதை அவர் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார். நம் மத்ஹபுகள் இவ்விடத்தில் நுட்பமாகப் பிரிகின்றன. குத்தகைக்காரர் இறந்தால் குத்தகை முடிந்தது என்பது ஹனஃபிகளின் கொள்கை. காலம் முடியும்வரை வாரிசுகளுக்குத் தொடரும் என்பது ஷாஃபிஈகளின் கொள்கை. ஆனால் தொடர்வதற்கு ஒரு காலம் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் இருசாராரும் ஒன்றே. முடிவில்லாக் குத்தகை என்பது குத்தகையே அன்று. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தைப் பற்றி நிற்கும். வாரிசின் சொந்தப் பையைத் தொடாது. கடனாளியின் ஜனாஸாத் தொழுகைக்கு, மற்றொருவர் கடனைப் பொறுப்பேற்கும்வரை பெருமானார் (ஸல்) தயங்கி நின்ற வரலாற்றை ஓதியவர்கள், பிறக்காத பேரனைக் கடனாளியாக்கும் பத்திரத்தில் எங்ஙனம் ஒப்பமிடுவர்?

பிற நாட்டார் இதனை உணராமலில்லை. ஸ்பெயின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காலப்பங்கின் எல்லையை 50 ஆண்டு என்று வரையறுத்தது. எல்லையற்ற ஒப்பந்தங்கள் செல்லாவென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அரூபாவிலேயே பல விடுதிகள் நிற்பது அரசு 60 ஆண்டு நெடுங்குத்தகைக்கு விட்ட நிலத்தில். நிலத்துக்கே தவணை இருக்க, அதன்மேல் உறங்குபவர் என்றென்றைக்கும் என்று எழுதிக்கொள்வது விந்தைதான்.

ஒப்பமிடும் விதமும் கேள்விக்குரியது. இலவசச் சிற்றுண்டி என்று அழைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பேசி, இன்று மட்டுமே இவ்விலை என்று நெருக்குவது இவ்வாணிகத்தில் வழக்கம். ஷரீஅத்தோ வாங்குபவர்க்கு ‘கியார்’ என்னும் மீளும் உரிமையை வைத்திருக்கிறது: ஷாஃபிஈ மத்ஹபில் சபை கலையும்வரை, நிபந்தனை இட்டுக்கொண்டால் மூன்று நாள், காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் விடுவது ஹனஃபிகளிடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டு விதியால் 14 நாள் தந்தது. ஃபுளோரிடாவில் 10 நாள்.

இவற்றையெல்லாம் மாணவருக்கு எழுதினோம். தம்பி, எண்ணிட்ட வாரமும் எல்லையிட்ட காலமும் இருந்தால், உம் பெயரில் மட்டும் வாங்குக. இல்லையேல் வாடகைக்குத் தங்கித் திரும்புக. ஈகிள் கரையில் ஆமை வரும் மாதமாக இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுக என்றோம். அத்துடன் ஒன்றைக் கேட்டோம்: மச்சானின் பத்திரத்தில் அக்காவும் ஒப்பமிட்டாரா? ஒப்பமிடாதவராயின் ஏற்க மறுத்து எழுதிக்கொடுக்க வழியுண்டு என்பதற்காகவே கேட்டோம்.

பதில் வந்தது. மக்கள் மூவரும் ஒப்பமிடவில்லை. அக்கா இட்டிருக்கிறார். மச்சானின் பெயருக்குக் கீழே அவருடைய பெயர் தமிழில் இருக்கிறதாம். எதற்கு இட்டோம் என்று அவருக்கு நினைவில்லை. அன்று காலை அந்த விடுதியில் நல்ல காப்பி கொடுத்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. வாரத்தைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி நிறுவனத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். இவ்வாண்டுக்குரிய கட்டணத்தை மாணவர் தம் கையிலிருந்து செலுத்தியிருக்கிறார். அரூபாவைப் பற்றி அம்மடலில் ஒன்றும் இல்லை.