குரலுக்கு உரியவர் யார்?

மின்னிசைப் பலகையொன்றில் ‘வோக்கோடர்’ என்னும் பகுதியை இயக்கிவிட்டு ஒருவர் ஒலிவாங்கியின் முன் பாடத் தொடங்குகிறார். கட்டைகளில் விரல் வையாது எத்துணை உரக்கப் பாடினும் ஒலிபெருக்கி ஊமையாகவே இருக்கின்றது. வாய் திறவாது கட்டைகளை அழுத்தினும் அவ்வாறே. விரலும் வாயும் ஒருங்கு தொழிற்படும்போதுதான் ஒரு குரல் எழுகின்றது. அக்குரல் எவருடையது? பாடியவருடையதா, கருவியினுடையதா? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா, ஆழ்ந்து நோக்குமிடத்து, ஒரு குரலை ஒருவருக்கு உரியதாக்குவது யாது என்னும் பழைய வினாவேயாகும்.

கருவியின் தொழில் விளங்குவதற்கு அரியதன்று. பாடுபவரின் குரலை அது தாழ்ந்த மீடிறன் முதல் உயர்ந்த மீடிறன் வரை சில பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் கணத்துக்குக் கணம் எவ்வளவு வலு உள்ளது என்பதை மட்டும் அளக்கின்றது. கட்டையினால் எழும் மின்னொலியும் அவ்வாறே பிரிக்கப்பட்டு, அந்த அளவுகளுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வெளியிடப்படுகின்றது. 1979 இல் வெளிவந்த றோலண்ட் வீ.பி. 330 பத்துப் பட்டைகளையும், 2002 இல் வெளிவந்த மைக்றோகோர்க் எட்டுப் பட்டைகளையும் கொண்டவை. ஒரு மனிதனின் சொல்லை விளங்கவைப்பதற்கு இத்துணைச் சில எண்கள் போதும் என்பது சற்றே திகைப்பூட்டும் செய்திதான். இதனை அமைக்கப் புகுவோர் பலர் முதலில் தவறுவது ஒலித்தெரிவிலாகும். புல்லாங்குழல் போன்ற மென்மையான ஒலியைத் தெரிந்துவிட்டுச் சொல் கேட்கவில்லையே என வருந்துவர். மேற்றொனிகள் குறைந்த அவ்வொலியிற் செதுக்குதற்கு ஏதும் இல்லை. வாளின் பற்களை ஒத்த அலைவடிவமுடைய கரகரத்த ஒலியே ஏற்றது. சகர ஒலி துலங்குவதற்கு அதனோடு சிறிது இரைச்சலும் சேர்த்தல் வேண்டும். ஒலிவாங்கியை உதட்டருகே பிடித்து, வழக்கத்தினும் திருத்தமாக உச்சரித்தலும் அவசியம். பாடுபவரின் சுருதிசுத்தம் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. அச்சுருதி முற்றாக நீக்கப்பட்டு, விரல் தரும் சுருதியே எஞ்சுகின்றது.

இக்கருவியைக் கண்டவர் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளரான ஹோமர் டட்லி. 1920களின் இறுதியில் அவர் இதிற் கருத்தூன்றியமைக்கு இசை காரணமன்று. பேச்சைக் குறுகிய தொலைபேசி வழியொன்றினூடே சிக்கனமாக அனுப்புதலே நோக்கமாயிருந்தது. தொண்டையில் எழும் ஒலி செய்தியைச் சுமந்து செல்லும் வாகனமே. செய்தி, நாவும் உதடும் செய்யும் மெதுவான அசைவுகளில் உள்ளது என்பது அவர் துணிபு. தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றோர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. உந்தியில் எழும் வளியையும், அதனை எழுத்தாக வடிக்கும் உறுப்புகளின் தொழிலையும் அந்நூல் வேறுபடுத்தியே பேசுகின்றது. வளி எல்லார்க்கும் பொதுவாயின், வாகனத்தை மாற்றுவதனால் உரிமை மாறிவிடுமா?

மாறாது என்பதற்குப் போர்க்காலச் சான்றொன்றுண்டு. 1943 இல் வாஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே மறைபொருட் பேச்சுக்கென ‘சிக்சலி’ என்னும் சுமார் 50 தொன் எடையுள்ள பொறியமைப்பு நிறுவப்பட்டது. பேச்சு வோக்கோடரால் எண்களாக்கப்பட்டு, மறைக்கப்பட்டு, மறுமுனையில் மீளப் பேச்சாக்கப்பட்டது. சொல் விளங்கிற்று, பேசியவரின் குரற்சாயலோ பெரிதும் மங்கிப்போயிற்று. எனினும் அச்சொல்லை நம்பிப் படைத்தலைவர்கள் முடிவு செய்தனர். அவர்கள் நம்பியது மறுமுனையில் அச்சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்கிறார் என்பதையேயாகும். ஆகவே, குரலின் உரிமை தொண்டையிலன்றிப் பொறுப்பில் தங்கியுள்ளது எனக் கொள்ளல் தகும்.

இதற்கு எழக்கூடிய தடை வலிமையானதே. கட்டளைக்குச் சொல் போதும், பாட்டுக்குப் போதுமா? ஒப்பாரியிற் பொருளைச் சுமப்பது சொல்லைக் காட்டிலும் தழுதழுப்பன்றோ? வோக்கோடர் நீக்கிவிடுவது அந்தத் தழுதழுப்பைத்தான். இத்தடையை முற்றாக மறுத்தல் இயலாது. இழப்பு உண்மையானது. ஆனால் இழப்பு வேறு, வஞ்சனை வேறு. வோக்கோடரின் ஒலியைக் கேட்கும் எவரும் அதனை வெறும் மனிதக் குரலென மயங்குவதில்லை. அது தன்னை மறைப்பதேயில்லை.

இணைக்குரல் எழுப்பும் அமைப்புகள்பால் அறவியல் ஐயம் மேலும் கூர்மை பெறுகின்றது. பாடப்படும் சுரத்தோடு மூன்றாஞ் சுரத்தையும் ஐந்தாஞ் சுரத்தையும் அதே குரலினின்று ஆக்கித் தருவன இவை. எந்தச் சுரவரிசையிற் பாடப்படுகிறது என்பதைக் கருவிக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். அது பிழைப்பின் இணைக்குரல் பாட்டோடு முட்டிக்கொள்ளும். 1951 இல் மேரி போர்ட் என்னும் பாடகி, தம் கணவர் லெஸ் போலின் ஒலிப்பதிவு முறையால், ஒரே இசைத்தட்டில் பல குரல்களாகக் கேட்டார். ஆனால் அவர் ஒவ்வொரு குரலையும் தாமே தனித்தனியே பாடினார். கருவி தரும் துணைப்பாடகர்களோ ஒருபோதும் மூச்சு வாங்குவதில்லை, முரண்படுவதுமில்லை. பலர் கூடிப் பாடும் பாட்டின் அழகு, மறுக்கக்கூடியவர்கள் மறுக்காது இசைந்தார்கள் என்பதிலும் உள்ளது. மறுக்க இயலாதவரின் இசைவை இசைவென்று கூறலாமா? 1971 இல் வெளிவந்த ‘ஏ கிளொக்வேர்க் ஒறேஞ்ச்’ திரைப்படத்துக்காக, மானுட உடன்பிறப்பைப் போற்றும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனிக் கூட்டுப்பாடல், வென்டி கார்லோஸின் கருவிகளினூடே றேச்சல் எல்கைன்ட் என்னும் ஒரு பெண்ணின் குரலைக் கொண்டு ஆக்கப்பட்டது. வன்முறையையும் மனித விருப்பின் பறிப்பையும் பேசும் அப்படத்துக்கு, உடன்பிறப்போர் எவருமற்ற அந்த உடன்பிறப்புப் பாடல் பொருந்தியே அமைந்தது. அதே உத்தியை ஒரு வழிபாட்டுப் பாடலிலோ அரசியல் மேடையிலோ கையாண்டு, பலர் பாடுகின்றனர் எனக் கேட்போரை நம்பவைப்பின், அது பிறர் ஒப்புதலைப் பொய்யாக உண்டாக்குதலாகும்.

கனடாவிற் பிறந்த பாடகர் நீல் யங் 1982 இல் ‘ட்றான்ஸ்’ என்னும் இசைத்தட்டின் பெரும்பகுதியை வோக்கோடர் வழியே பாடினார். அவருடைய தழுதழுத்த மெல்லிய குரலை விரும்பியோர் பலர் குழம்பினர். பேச இயலாத தம் மகனோடு தொடர்புகொள்ள முயன்ற அனுபவமே அப்பாடல்களின் அடிப்படை என அவர் பின்னர் விளக்கினார். சொல் எட்டாத் துயரைக் கேட்போர் தாமும் உணரவேண்டுமெனின், அவரது பழகிய குரல் அதற்கு உதவியிராது. தம் தொண்டையை மறைத்து அவர் பாடிய அப்பாடல்களுக்கு அவரைத் தவிர வேறெவரும் பொறுப்பேற்றிருக்க முடியாது. 1983 இல், அவர் தமக்கு இயல்பல்லாத இசையை வழங்குகிறார் எனக் குற்றஞ்சாட்டி இசைத்தட்டு நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. எது அவருடைய இயல்பான குரல் என்பதற்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. வழக்கு இணக்கத்தில் முடிந்தது.