உண்பதும் விதைப்பதும்

பிறிதொன்றிடமிருந்து பெறாமல் எந்த உயிரும் ஒரு நாளும் வாழ்வதில்லை. பெறுவதே சுயநலம் என்றால், சுயநலமற்ற வாழ்க்கை என்பது இவ்வுலகில் இயலுமா?

அந்தமான் தீவுகளிலும் வடகிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் வாழும் பெரும்புறா ஒன்று இக்கேள்விக்கு விடை காண உதவுகிறது. சுமார் 45 செ.மீ. நீளமுள்ள அது, நகரத்து மாடப்புறாவைவிடப் பெரியது. தலையும் மார்பும் வெளிர்சாம்பல் நிறம். சிறகுகள் ஒளிரும் பச்சை. உயர்ந்த மரங்களின் உச்சியில் பழங்களையே உண்டு வாழ்கிறது. காட்டு ஜாதிக்காயின் பெரிய விதையையும் அதைச் சூழ்ந்த பத்திரியோடு விழுங்குமளவு அதன் வாய் விரியும்.

அதன் உடல் சதைப்பகுதியை மட்டும் ஏற்கிறது. விதை சிதையாமல் வெளியேறி, தாய்மரத்திற்கு அப்பால் விழுந்து முளைக்கிறது. அதே காட்டில் பழம் உண்ணும் வேறுவகைப் பச்சைப்புறாக்களின் வலிய இரைப்பையோ, விதைகளையும் பெரும்பாலும் அரைத்துவிடுகிறது. இரண்டும் பசிக்காகவே உண்கின்றன. ஆனால் ஒன்றின் உணவில் மரத்தின் வழித்தோன்றல் முடிகிறது. மற்றொன்றின் உணவில் அது தொடர்கிறது.

'பறவை இதை அறிந்தா செய்கிறது? அறியாத செயலை அறம் எனலாமா?' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெரும்புறாவுக்குப் புண்ணியமும் இல்லை, பச்சைப்புறாவுக்குப் பாவமும் இல்லை. அவற்றின் உடலமைப்பு அத்தகையது. எப்படி உண்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கே உண்டு. ஆகவே அறமும் அவனுக்கே உரியது.

அத்தேர்வில் அவன் தவறுவதும் உண்டு. இறைச்சிக்காக இப்புறா வேட்டையாடப்படுகிறது. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும் பறவையின் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. அது மறைந்த பின்னும் மரங்கள் பூக்கும், காய்க்கும். காடு பசுமையாகவே தோன்றும். ஆனால் பெரிய விதைகளைச் சுமந்து செல்வோர் குறைந்துவிடுவர். வேட்டையாடியவன் கண்ணுக்கு ஒரு பறவையின் இழப்பே தெரியும். முளைக்காமற்போன மரங்கள் தெரிவதில்லை.

ஆகவே, பெறுவது குற்றமன்று. பெற்றதன் விதையையும் அழித்துவிடுவதே குற்றம். கல்வியோ, செல்வமோ, கிணற்று நீரோ, எதைப் பெறும்போதும், 'இதில் அடுத்தவருக்குரிய விதை எது?' என்று கேட்டுக்கொள்பவன் உண்டும் கடன்படாதவன் ஆகிறான். பறவைக்கு இயல்பாய் அமைந்ததை மனிதன் முயன்று பெறவேண்டும். அம்முயற்சிக்கே அறம் என்று பெயர்.